ரெண்டு மணி ரீடிங்

கோழிக்கு வேர்க்காது. இது தெரியாமல் நாமக்கல் பக்கம் ஒருவன் பண்ணை வைத்தால் ஒரே சித்திரையில் கடையைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். வெயில் ஏறினால் கோழி வாயைப் பிளந்து இரைக்கும், தீனியை ஒதுக்கும், றெக்கையை அகட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் வரிசையாகச் சாயும். அதனால் மாசி பிறந்ததுமே ஷெட்டுக் கூரைமேல் குழாய் போட்டுத் தண்ணீர் ஓடவிடுவார்கள். உள்ளே பொடிப்பொடியாகத் தண்ணீர் தூவும். குடிக்கிற தண்ணீரில் குளுக்கோஸ் கலப்பார்கள். ஷெட்டுக்கு இரண்டு தெர்மாமீட்டர் தொங்கும். காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் பார்த்து, அச்சடித்த ஃபாரத்தில் எழுதுவார்கள். அந்தத் தெர்மாமீட்டரில் பாதி நான் கொண்டுவந்து கொடுத்தது. கம்பெனி பேர் போட்டு இலவசம்.

நான் கண்ணுசாமி, கோழி மருந்து விற்கிறவன். ஊர் வாழப்பாடி. வண்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாக எருமப்பட்டி வட்டாரத்தைச் சுற்றுகிறேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு என் பேச்சு இன்றைக்கும் கேலிதான். நான் 'என்னாத்துக்கு' என்று வாயைத் திறந்தால் போதும், ஷெட்டில் நாலு பெண்கள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். மருந்துக்காரன் மருந்தைக் கொடுத்தோமா, போனோமா என்று இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கதையை ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதையில் நடந்த தப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

ஜெகதீஸ்வரனின் பண்ணை எருமப்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஆறு ஷெட்டு, ஒரு தீவன மில், மில்லுக்குப் பின்னால் இருபத்திரண்டு லைன் வீடு. லைன் வீடு என்றால் பக்கத்துச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற ஒற்றை அறைகள். மேலே சிமென்ட் அட்டை. நெட்டையான ஆள் கையைத் தூக்கினால் அட்டையைத் தொடலாம். மத்தியானத்தில் யாரும் தொட மாட்டார்கள். மூன்றாவது வீட்டில் அன்புச்செல்வி, அவள் புருஷன் மாதேஸ்வரன், மாமியார் குப்பாயி, எருமப்பட்டியில் பன்னிரண்டாவது படிக்கிற மகள். அன்பு ஷெட்டில் தீனி போட்டு முட்டை பொறுக்குகிறாள். மாதேஸ்வரன் மில்லில் தீவனம் அரைக்கிறான். குப்பாயி இருபத்தைந்து வருஷம் அதே ஷெட்டில் நின்றவள். முழங்கால் மடங்காமல் போனதால் இப்போது வீட்டில் இருக்கிறாள்.

போன தை மாதத்தில் ஒரு நாள் ஜெகதீஸ்வரன் எல்லாரையும் மில் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார். மோசமான மனிதர் இல்லை. வேலைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கும் வந்து தலைகாட்டுகிறவர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"வேலையில ஒருத்தரையும் நிறுத்தலைங்க. ஆனா புது ஷெட்டு கட்டறேன். நாலு பக்கமும் மூடுன ஷெட்டு. அது லைன் ஊடு நிக்கிற எடத்துலதான் வருது. ஐப்பசிக்குள்ள எல்லாரும் வேற எடம் பாத்துக்கோணும்."

அன்பு முன்னால் வந்தாள். "வேலைக்கு வரச் சொல்றீங்க. எங்கிருந்துங்க வாரது?"

"நாமக்கல்ல ஊடு புடிச்சுக்க அம்மிணி. பஸ்ஸு ஓடுதில்ல?"

"காலைல அஞ்சு மணிக்குத் தீனி போடோணுமுங்க. அஞ்சு மணிக்கு எந்த பஸ்ஸுங்க இங்க வருது? நீங்களே ஒருநா ஏறி வந்து காட்டுங்க, நாங்களும் வாறோம்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்ததால் வீடு நிற்கப்போவதில்லை.

அன்பு சும்மா இருக்கிற ஆள் இல்லை. பக்கத்துப் பண்ணைகளுக்கு நடந்தே போனாள். பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்தாள். லாபம் பார்க்காத சங்கம். கிராம சபையில் எழுந்து நின்று பேசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒன்றரை ஏக்கரை அந்தச் சங்கத்துக்கு ஒதுக்கத் தீர்மானம் வாங்கினாள். இந்த மாதிரி சங்கங்கள் வாடகைக் குடியிருப்பு கட்ட அரசு நிதி தருகிற ஒரு திட்டம் இருக்கிறது என்று தெரிந்து அதற்கும் மனுப் போட்டாள். இருக்கிற வீடு எவ்வளவு மோசம் என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதுவார். அதை வைத்துத்தான் யாருக்கு முதலில் என்று முடிவாகும்.

மாதேஸ்வரனுக்குச் சங்கத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் அங்கே இருந்த ஒரு மத்தியானம் களியும் உடைசல் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"நம்ம பேருல ஒரு ஊடு கேட்டாப் போதாதா? எதுக்குச் சங்கம், கிங்கமுன்னு? ஆயுசுக்கும் வாடகை குடுத்துட்டே இருக்கறதா?"

"நம்ம பேருல கட்டறதுக்கு நம்ம பேருல மண்ணு வேணுமுங்க. இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம்? மேலத் தெருவுல அந்தக் காலத்துல பன்னெண்டு பேருக்கு ஊடு குடுத்தாங்கல்ல? இப்ப அதுல எத்தனை பேரு இருக்கறாங்க? கண்ணாலத்துக்கு ஒருத்தன் வித்தான், ஆஸ்பத்திரிக்கு ஒருத்தன் வித்தான். ஒம்பது ஊடு கைமாறிப் போச்சு. சங்கத்துப் பேருல இருந்தா யாரும் விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. வேலை செய்யறவங்க இருந்துக்கலாம். நான் குடுக்கற வாடகை கூரையப் பாத்துக்கும், மோட்டாரப் பாத்துக்கும். நாளைக்கு நான் இந்தப் பண்ணைய உட்டு அடுத்த பண்ணைக்குப் போனாலும் பொட்டியத் தூக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டாம்."

மாதேஸ்வரன் என்னைப் பார்த்தான். "இவகூட நாயம் பேசி செயிக்க முடியாதுங்க மருந்துக்காரரே. நீங்க களி தின்னுங்க."

இனி நடந்த தப்பைச் சொல்கிறேன்.

பங்குனி கடைசியில் அதிகாரி வரும் நாள் தெரிந்தது. அன்பு அதை வீட்டில் சொன்ன நிமிஷத்திலிருந்து குப்பாயி தரையில் கால் வைக்கவில்லை. முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, ஒறம்பரை வருதுங்க. அதுவும் கவர்மெண்டு ஒறம்பரை. ஊடு இப்பிடியா கெடக்கறது? சுண்ணாம்பு அடிங்க, மளார்னு அடிங்க!"

ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வருகிற விருந்தாளி. இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் ஆட்கள் கண்மண் தெரியாமல் வேலை செய்வார்கள். நான்கு நாளில் இருபத்திரண்டு வீடும் வெள்ளை வெளேரென்று நின்றது. ஒழுகுகிற மூலைகளில் புதுக் காலண்டர் மாட்டினார்கள். விரிசல் விட்ட தரைமேல் கல்யாண ஜமக்காளம் விரித்தார்கள். பண்ணை ஆபீஸிலிருந்து நாற்காலி வந்தது. குப்பாயி ஒப்புட்டு என்கிற போளி சுட்டாள். அதிகாரி வருகிற காலையில் மகனைக் கூப்பிட்டு, "மூணாம் ஷெட்டு பைப்ப இழுத்து நம்மூட்டு மேல உடுறா. பாவம், ஏசியில இருக்கற புள்ள. வெந்து போயிரும்" என்றாள். அவன் எட்டு மணிக்கே வால்வைத் திறந்துவிட்டான். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மோர்ச் சொம்பை வாங்கி, தடுப்பூசி மருந்துகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, என் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். சௌந்தர்யா என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஃபாரமும் டேப்பும் வைத்திருந்தார். அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் அன்பு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் வெளியே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வேப்பமரத்தடி மாதிரி இருந்தது. ஒப்புட்டு இரண்டு சாப்பிட்டார். மோர் குடித்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல இப்படி இல்லம்மா" என்று சிரித்தார்.

"மேடம், மத்தியானத்துல..." என்று அன்பு ஆரம்பித்தாள்.

"இருடி, சாப்படறபோது மனுசங்கள நச்சாத" என்று குப்பாயி அடக்கிவிட்டாள். அன்பும் அடங்கிப் போனாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஜெகதீஸ்வரனையே மடக்கிய பெண், ஒறம்பரை முன்னால் தன் வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராமல் நின்றாள்.

சித்திரை இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். 'தற்போதைய குடியிருப்புகள் தூய்மையாகவும் காற்றோட்டமாகவும் வசிக்கத் தக்க நிலையிலும் உள்ளமையால், இச்சங்கத்தின் விண்ணப்பத்தை இவ்வாண்டு முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க இயலவில்லை.' இந்த ஆண்டு இல்லை என்றால் அடுத்த ஆண்டு. அதற்குள் ஐப்பசி வந்துவிடும், லைன் வீடு இருந்த இடத்தில் ஷெட்டு எழும்பிவிடும். மகளுக்குப் பரீட்சை அடுத்த பங்குனியில். எங்கிருந்து எழுதுவாள்?

நான் போன அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஒப்புட்டு! ஒப்புட்டு சுடலீன்னு யாரு அழுதா? ஒரு நாளைக்கு அழுக்காக் கெடந்தா உன்ற மானம் போயிருமா?" மாதேஸ்வரன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"பைப்ப இழுத்து உட்டது ஆருங்க?" என்றாள் அன்பு.

"அம்மா சொல்லுச்சு, உட்டேன்."

"நீங்க உட்டீங்க, நான் பாத்துட்டு நின்னேன், கண்ணுசாமியண்ணன் மோரக் குளுமையா வெச்சாரு. அத்தை ஒருத்தரு மேல பழி போட்டா ஊடு வந்துருமா?"

குப்பாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வேளையாகச் சோறு தொடவில்லையாம். அந்த மனுஷி என்ன பாவம் செய்தாள்? வந்தவரை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது என்று நினைத்தாள். அதற்கு இந்தத் தண்டனையா என்று எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

"ஒண்ணாப் போயி அதிகாரிகிட்டச் சொல்லலாமே, தண்ணி ஊத்துனோம்னு" என்றேன்.

"வாயில சொன்னா ஆருண்ணா நம்புவாங்க? அவங்க கண்ணுல பாத்து எழுதுனது." அன்பு என் பையைப் பார்த்தாள். பையின் வாயில் கம்பெனித் தெர்மாமீட்டர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, இது எத்தனை இருக்குதுங்க?"

"ஆறோ ஏழோ. என்னாத்துக்கு?"

"என்னாத்துக்கா? இருவத்திரெண்டு வேணும். ஷெட்டு ஃபாரமும் ஒரு கட்டு வேணும். கோழிக்கு எப்பிடி எழுதறமோ அப்பிடியே எங்களுக்கும் எழுதப் போறோம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கோழிக்கு வேர்க்காது, அதனால கவனிக்கறாங்க. எங்களுக்கு வேர்க்குதுல்ல, தொடச்சுக்குவோம்னு உட்டுட்டாங்க. தொடச்சது போதுமுங்க."

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி மிச்சத் தெர்மாமீட்டரையும் வாங்கிவந்தேன். வீட்டுக்கு ஒன்று மாட்டினோம். ஃபாரம் அதே ஃபாரம்தான். தேதி, நேரம், வெப்பம், தீனி, தண்ணீர், இறப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். யார் பார்த்து எழுதுவது என்று பேச்சு வந்தது. பகலில் எல்லாரும் ஷெட்டில் இருப்பார்கள். அப்போதுதான் குப்பாயி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"நான் பாக்கறேன். இருவத்தஞ்சு வருசம் பாத்த கோடுதானே? எழுத்துத் தெரியாதே ஒழிய நெம்பரு எனக்குத் தெரியும்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு இருவத்திரெண்டு ஊடு ஏறி எறங்கோணும் அத்தை. உங்க காலு?"

"காலுக்கென்ன, அது பாட்டுக்கு வலிக்கும். நீ சோத்தைப் போடு."

சித்திரை வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, அந்த மனுஷி ஒரு நாள் விடாமல் நடந்தாள். கதவைத் தள்ளுவாள், சிவப்புக் கோட்டை உற்றுப் பார்ப்பாள், எழுதுவாள், அடுத்த வீடு. நான் மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, ஒரு நாள் நாற்பத்து மூன்றரை. பால்குடிக் குழந்தை இருக்கிற எட்டாவது வீட்டிலும் அதேதான். நாற்பதைத் தொடாத வீடு என்று ஒன்றும் இல்லை. அதே நேரத்துக்கு மூன்றாம் ஷெட்டில் முப்பத்து மூன்று.

ஷெட்டு ரீடிங்கையும் பக்கத்தில் வைக்க ஜெகதீஸ்வரனின் கையெழுத்து வேண்டியிருந்தது. அன்பு ஃபாரக் கட்டோடு போய் நின்றாள். அவர் புரட்டிப் பார்த்தார். முகம் கடுத்தது.

"என்ற ஷெட்டு ரீடிங்க எடுத்து என்னையவே நாறடிக்கறயா அன்பு?"

"உங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க. கோழிய நல்லா வெச்சிருக்கறீங்கன்னுதான் எழுதியிருக்குது. அது பொய்யுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஐஸ் பெட்டிக் கயிற்றை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஏனுங்க, போன வருசம் எத்தனை பேரு வேலைய உட்டுப் போனாங்க?" என்றாள் அன்பு.

"ஒம்பது."

"ஊடு பக்கத்துல நெலையா இருந்தா போவாங்களா? அந்த ஊடு நீங்களும் கட்ட வேண்டாம், நானும் கட்ட வேண்டாம். சங்கம் கட்டிக்கும், அரசாங்கம் நிதி குடுக்கட்டும். உங்க ஷெட்டுக்குப் பழகுன ஆளு நிக்கும். ஒரு கையெழுத்துத்தானுங்க."

பேனாவை எடுத்தார். எல்லாத் தாளிலும் போட்டார். போட்டுவிட்டு, "நீ பண்ணை வெச்சிருந்தா நாங்கெல்லாம் காலி" என்றார்.

சித்திரை கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவராவது போனோம். என்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். குப்பாயி வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள், உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம். திட்டத்துக்கான மேசையில் சௌந்தர்யா இருந்தார். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு மூத்த அதிகாரி.

அன்புவைப் பார்த்ததும் சௌந்தர்யாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஃபாரங்களைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"நாப்பத்தி ரெண்டா? நான் வந்தப்போ ஜில்லுன்னு இருந்துச்சேம்மா."

"அது ஷெட்டுப் பைப்புங்க மேடம். காலைல எட்டு மணியிலருந்து கூரை மேல தண்ணி உட்டிருந்தமுங்க."

"எதுக்கு? என்னை ஏமாத்தவா?"

"ஏமாத்தறதுன்னா ஊட்டக் கேவலமாக் காட்டியிருப்பமுங்களே மேடம்! ஒறம்பரைய வெயில்ல உக்கார வெச்சுப் பழக்கமில்லீங்க. தப்பு எங்க மேலதான். அதையும் மனுவுல எழுதியிருக்கறமுங்க, மொத வரியே அதுதான்."

சௌந்தர்யா மனுவின் முதல் வரியைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மூத்தவர்தான் பேசினார். குரலில் கடுமை இல்லை, ஆனால் கேள்வி கடுமைதான்.

"தனியார் பண்ணையில வேலை பாக்கறீங்க. பண்ணைக்காரர் கட்டித் தரணும், இல்லேன்னா நீங்களே பாத்துக்கணும். அரசாங்கம் எதுக்கும்மா கட்டணும்?"

அன்பு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பண்ணைக்காரரு கட்டுன ஊட்டுலதானுங்க இருக்கறோம். அவரு எடம், இடிக்கறேங்கறாரு. கேக்க முடியுமுங்களா? நாங்க கட்டலாம்னா காலடி மண்ணு எங்களுது இல்லீங்க. வெளியாளு ஆராச்சும் கட்டி வாடகைக்கு உடுவாங்களான்னா, அவங்களுக்கு லாபம் வேணும். எங்கள வெச்சு என்ன லாபம் வரும்? டவுனுக்குத்தான் கட்டுவாங்க. அப்பறம் ஆருங்கய்யா மிச்சம்?"

"அதுக்காக எல்லாத்தையும் அரசாங்கம் செய்ய முடியுமா?"

"முட்டை குடுக்குதுங்களே."

"என்ன முட்டை?"

"பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோத்தோட வெக்கற முட்டைங்கய்யா. அத லாபம் பாத்தா குடுக்கறாங்க? புள்ளைங்களுக்குச் சத்து வேணும், கடையில வாங்கித் திங்க எல்லாராலயும் முடியாது, அதனால அரசாங்கம் பணம் ஒதுக்குது. நல்ல காரியம். அதே நாயந்தானுங்க ஊட்டுக்கும். அந்த முட்டையப் பொறுக்கறது இந்தக் கைதானுங்க." இரண்டு கையையும் நீட்டினாள். கூண்டுக் கம்பி கீறிய தழும்பு வரிவரியாக இருந்தது. "இனாமாக் கேக்கலைங்க. கட்டறதுக்கு நிதி குடுங்க. வாடகை நாங்க குடுக்கறோம். அத வெச்சு ஊட்டச் சங்கம் பாத்துக்கும். ஒரு தடவ போட்ட காசு அம்பது வருசத்துக்கு ஊடா நிக்குமுங்க. வித்துத் திங்க முடியாது."

மூத்தவர் அந்தத் தழும்பைப் பார்த்தார். சௌந்தர்யா ஃபாரத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்திருந்தார்.

"இந்த 'இறப்பு' கட்டம் எதுக்கு? எல்லா நாளும் பூஜ்யம் போட்டிருக்கீங்க."

"அது அச்சடிச்ச ஃபாரமுங்க மேடம். அடிச்சு உட்டறலாம்னுதான் நெனச்சோம். எங்க அத்தை வேண்டான்னுட்டாங்க." அன்புவின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. "ஷெட்டுல அந்தக் கட்டத்துல நாலு ஏறுனா டாக்டரு ஓடி வருவாருங்க. எங்க கட்டத்துல ஏறறதுக்கு முன்னாலயே வாங்கன்னுதான் கூப்படறோம்."

சௌந்தர்யா ஃபாரத்தை மூடினார். "வியாழக்கிழமை வர்றேன். ரெண்டு மணிக்கு."

வியாழக்கிழமை கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. அன்பு காலையிலேயே கட்டளை போட்டுவிட்டாள். தண்ணீர் கூடாது, ஜமக்காளம் கூடாது, ஒப்புட்டு கூடாது. காலண்டரை எல்லாம் கழற்று. என்னைப் பார்த்து, "அண்ணா, ஐஸ் பெட்டி அக்கட்டயே இருக்கட்டும்" என்றாள். நான் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டேன். குப்பாயிக்குத்தான் பொறுக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். "ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடுக்கலாமா?" என்று கேட்டாள். "தண்ணி குடுக்கலாம் அத்தை. கூரை மேல ஊத்தக் கூடாது" என்றாள் அன்பு.

சௌந்தர்யா சரியாக இரண்டு மணிக்கு வந்தார். முதலில் மூன்றாம் ஷெட்டுக்குள் போனார். தூறல் மாதிரி தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. கோழிகள் நிம்மதியாகத் தீனி கொத்தின. அங்கேயிருந்து நேராக மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். அட்டையின் சூடு தலைக்கு மேல் தணல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை மடியில் வைத்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

"கதவைச் சாத்துங்க. நீங்க இருக்கற மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

அன்பு சாத்தினாள். உள்ளே நாங்கள் நான்கு பேர். மின்விசிறி சுற்றிச் சூட்டைத்தான் இறைத்தது. அதிகாரியின் நெற்றியில் வேர்வை அரும்பி, கன்னத்தில் வழிந்து, ஃபாரத்தில் சொட்டியது. அவர் துடைத்துவிட்டு எழுதினார். மறுபடி சொட்டியது. குப்பாயியின் கை முந்தானையை எடுப்பதும் விடுவதுமாக இருந்தது. விசிறிவிடப் போகிறாள் என்று நான் பயந்தேன். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். குப்பாயி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பத்து நிமிஷம் இருக்கும். எனக்குத் தலை சுற்றியது.

சௌந்தர்யா எழுதியதை வாய்விட்டே படித்தார். "பிற்பகல் இரண்டு மணிக்கு அறையின் வெப்பம் நாற்பத்து மூன்று டிகிரி. முந்தைய ஆய்வு தவறான நேரத்தில் செய்யப்பட்டது. இவை மனிதர் வசிக்கத் தக்கவை அல்ல. சங்கத்தின் கட்டுமானத்துக்கு இவ்வாண்டே முழு நிதி வழங்கப் பரிந்துரைக்கிறேன்." நிமிர்ந்து அன்புவைப் பார்த்தார். "கமிட்டியில யார் கேட்டாலும் நான் பேசிக்கறேன். ரெண்டு மணிக்கு வந்து உக்காந்து பாருங்கன்னு சொல்றேன்."

அன்பு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

குப்பாயிதான் முன்னால் வந்தாள். "எழுதியாச்சுங்களா சாமி?"

"எழுதியாச்சும்மா."

"கையெழுத்து?"

"போட்டாச்சு."

"இனி மாத்த மாட்டீங்கல்ல?"

"மாத்த மாட்டேன்."

குப்பாயி கதவைப் படாரென்று திறந்தாள். முழங்காலை மறந்து வாசலுக்கு ஓடினாள். ஷெட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"மாதேசா! வால்வத் தொறந்து உடுறா! ஒறம்பரை வெந்து போயி உக்காந்திருக்குது!"

தண்ணீர் அட்டைமேல் விழுந்து சுர்ரென்று ஆவி பறந்தது. சௌந்தர்யா சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கூரை ஓரத்தில் வடிகிற தண்ணீரைக் கையில் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டார். நான் வேப்பமரத்தடிக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். குப்பாயி விடிகாலையிலேயே ஒருவருக்கும் தெரியாமல் என்னிடம் கொடுத்திருந்த மோர்ச் சொம்பு உள்ளே இருந்தது.